வளவு கற்றுத் தந்த வெளிச்சம்: பெரிய கட்டடங்களுக்கு ஒளி கசியும் ஷீட் பொருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியைச் சுற்றி எழும்பும் புதிய கல்யாண மண்டபம் ஒன்றில் பகல் பதினொரு மணிக்கு நுழைந்து பாருங்கள். வெளியே கண் கூசும் வெயில் அடிக்கும், உள்ளே அத்தனை விளக்குகளும் எரியும். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, நூறு வயதான வீட்டின் வளவில், அதாவது வானம் பார்த்த நடுமுற்றத்தில், விளக்கே இல்லாமல் ஓர் ஆச்சி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் நாம் எதைத் தொலைத்தோம் என்ற கேள்விதான் என்னை இந்த வேலைக்குள் இழுத்தது. மண்டபம், தறிக்கூடம், அரிசி ஆலை, கிடங்கு, உள்விளையாட்டு அரங்கு போன்ற பெரிய கட்டடங்களுக்குள் ஒளி கசியும் ஷீட்டுகள் வழியாகப் பகல் வெளிச்சத்தைக் கொண்டுவருவது எப்படி என்பதைச் செட்டிநாட்டு வெயிலையும் காற்றையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மழைச் சாரல் உள்ளே வராதிருக்க, ஒரு பழைய வீட்டின் வளவு முழுவதையும் ஃபைபர் ஷீட்டால் மூடிக்கொடுத்தேன். வெளிச்சம் குறையவில்லை, வேலை முடிந்தது என்று திருப்தியோடு திரும்பினேன். சித்திரையில் அந்த வீட்டு ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார். "தம்பி, மழை நின்றது. காற்றும் நின்றுவிட்டது" என்றார். அண்ணாந்து பார்த்தபோது ஷீட்டுக்கு அடியில் தேங்கி நின்ற அனல் முகத்தில் அடித்தது. அந்த வீட்டைக் கட்டியவர்கள் வானத்துக்குத் திறந்துவிட்ட ஓர் இடம் மூன்று வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. வெளிச்சம் அதன் வழியாக இறங்கியது, சூடு அதன் வழியாகவே ஏறிப் போனது, மழைநீர் அதன் அடியில் சேர்ந்தது. நான் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அடைத்துவிட்டேன்.

கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்த நினைவு இருக்கும். வெளிச்சத்துக்கு எங்கே வழி விடுகிறோமோ, அதற்குப் பக்கத்திலேயே சூட்டுக்கும் வழி விட வேண்டும்.

படி 1: சூரியன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. வெளிநாட்டு நூல்களும் வட இந்திய வரைபடங்களும் "வடக்குப் பக்கம் வைத்தால் வெயில் விழாது" என்று சொல்வதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. சித்திரை பிறந்தவுடன், ஏப்ரல் 16 வாக்கில், பகல் 12.15 மணியை ஒட்டி ஒரு கம்பை நட்டுப் பாருங்கள். நிழல் கம்பின் காலடியில் ஒடுங்கிவிடும். அன்று தொடங்கி ஆகஸ்ட் 27 வாக்கில் மறுபடியும் தலைக்கு நேராக வரும் வரை, உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று நண்பகலில் வடக்கே சுமார் 77 டிகிரி உயரம், டிசம்பர் 21 அன்று தெற்கே சுமார் 56 டிகிரி உயரம். கோடைக் காலையிலும் மாலையிலும் வடகிழக்கு, வடமேற்குத் திசைகளிலிருந்து தாழ்வாக வரும் வெயில் வடக்குச் சுவரை நேராகத் தொடும்.

இந்திய எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பும் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது. 15 டிகிரி அட்சத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் வடக்குச் சன்னல்களின் வெப்ப அளவுக்குச் சலுகை உண்டு, அதற்குத் தெற்கே உள்ள நமக்கு இல்லை. நம் வடக்குச் சுவரும் மற்றச் சுவர்களைப் போன்றதே.

ஆனால் நமக்கு ஒரு நன்மை உண்டு. சூரியன் உச்சிக்கு அருகிலேயே நடமாடுவதால், வடக்கு, தெற்குச் சுவர்களைச் சிறிய இறவாரத்தாலேயே காத்துவிடலாம். தெற்குச் சுவரில் 1 மீட்டர் நீட்டிய இறவாரம், டிசம்பர் நண்பகலில்கூட அதன் கீழே ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நிழல் தரும். வடக்குச் சுவரில் அதே 1 மீட்டர், ஜூன் நண்பகலில் 4 மீட்டருக்கு மேல் நிழல் தரும். கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. மாலை நான்கு மணி வெயிலை எந்த இறவாரமும் தடுக்காது. மேற்குச் சுவரில் ஒளி கசியும் ஷீட் வைக்கச் சொல்லி யார் கேட்டாலும் நான் மறுத்துவிடுவேன். கிழக்குச் சுவரில், காலை நேரத்தில் மட்டும் இயங்கும் இடமாக இருந்தால் யோசிக்கலாம்.

கூரை எல்லாவற்றையும்விடக் கடுமையான இடம். தட்டையான கூரையில் பதித்த ஷீட் ஆண்டு முழுவதும் உச்சி வெயிலை நேராக வாங்கும். ஆனாலும் 30 மீட்டர் அகலமுள்ள மண்டபத்தின் நடுப்பகுதிக்குப் பக்கச் சுவர் வெளிச்சம் எட்டாது. திறப்பின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் அது உள்ளே போகும். எனவே பெரிய கட்டடத்தில் கூரையைத் தொடாமல் முடியாது. எவ்வளவு தொடுவது என்பதைத்தான் கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும்.

படி 2: எவ்வளவு போதும் என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். "வெளிச்சம் இலவசம்தானே, நாலு வரிசை கூடுதலாகப் போடுங்கள்" என்பார்கள். அந்தக் கூடுதல் வரிசைகளுக்குக் குளிர்சாதனக் கட்டணத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

50 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், மொத்தம் 1,000 சதுர மீட்டர் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரையில் 5 சதவீதம், அதாவது 50 சதுர மீட்டர், பால்வெள்ளைப் பாலிகார்பனேட் ஷீட். அது உள்ளே விடும் வெளிச்சம் 40 சதவீதம், வெப்பம் 35 சதவீதம். வெளியே 60,000 லக்ஸ் (லுமென் என்பது வெளிச்சத்தின் மொத்த அளவு, ஒரு சதுர மீட்டரில் விழும் லுமென்தான் லக்ஸ்) என்று வைத்தால், ஷீட்டைக் கடந்து வருவது 12 லட்சம் லுமென். அதில் பாதி சுவரிலும், கூரையைத் தாங்கும் டிரஸ் சட்டங்களிலும் தங்கிவிடும். தூசிக்காக இன்னும் 20 சதவீதம் கழியுங்கள். மிஞ்சும் 4,80,000 லுமெனை 1,000 சதுர மீட்டருக்குப் பங்கிட்டால் சராசரி 480 லக்ஸ். ஒரு கூடத்தின் பொது வேலைகளுக்கு 300 லக்ஸே போதும்.

இப்போது வெப்பம். அந்த வெயிலில் சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் இறங்குகிறது. 50 சதுர மீட்டர் வழியாக 35 சதவீதம் உள்ளே வந்தால் 10.5 கிலோவாட், அதாவது மூன்று டன் குளிர்சாதனச் சுமை. அதை வெளியேற்ற ஏறத்தாழ 3 கிலோவாட் மின்சாரம் ஆகும். இதே கூடத்தில் 300 லக்ஸை நல்ல எல்.இ.டி. விளக்குகளால் கொடுத்தால் விளக்குக்கு 4 கிலோவாட்டுக்கும் சற்று மேல், அந்த விளக்குகளின் சூட்டை வெளியேற்ற இன்னும் ஒன்றேகால், ஆக ஐந்தரை கிலோவாட் வாக்கில் வரும். பகல் வெளிச்சம் ஜெயிக்கிறது.

அதே கூரையில் 15 சதவீதம் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் 1,440 லக்ஸ். அதை யாரும் கேட்கவில்லை. வெப்பம் 31.5 கிலோவாட், ஒன்பது டன். அதை வெளியேற்றும் மின்சாரம் மட்டுமே 9 கிலோவாட். எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டும், விளக்கு போட்ட கூடத்தைவிடக் கூடுதலாக மின்சாரம் செலவாகிறது! எல்.இ.டி. வருவதற்கு முன்னால், விளக்குகள் அதிக மின்சாரம் தின்ற காலத்தில், இந்தக் கணக்கு வேறாக இருந்தது. இன்றைய விளக்கோடு போட்டி போட, பகல் வெளிச்சத்தை அளந்துதான் உள்ளே விட வேண்டும்.

நான் சொன்ன 2017 விதித்தொகுப்பு குளிரூட்டிய கட்டடங்களின் கூரைத் திறப்பைக் கூரைப் பரப்பில் 5 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது, அதன் வெப்ப ஏற்பு எண் (வெயிலின் வெப்பத்தில் உள்ளே வரும் பங்கு) 0.35-ஐத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. நம் கணக்கும் அங்கேதான் வந்து நிற்கிறது. குளிர்சாதனம் இல்லாத தறிக்கூடத்திலும் ஆலையிலும் மின்கட்டணம் ஏறாது. ஆனால் அங்கே அந்தச் சூட்டைத் தாங்குவது வேலை செய்கிறவரின் உடம்பு. ஆகவே அங்கும் நான் 5 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன்.

எண்கள் போதாது என்று தோன்றினால் மாதிரி ஒன்று செய்து பாருங்கள். வெளிச்சத்துக்குச் சிறிய பெட்டி, பெரிய பெட்டி என்ற பேதம் கிடையாது. கூடத்தை 20-ல் ஒரு பங்காக அட்டையில் செய்து, உட்புறம் உண்மையான சுவர் நிறத்தைப் பூசி, கூரையில் நீங்கள் வாங்கப்போகும் ஷீட்டின் துண்டையே ஒட்டி, உள்ளே லக்ஸ் மீட்டரின் உணரியை வைத்து, மொட்டை மாடியில் காலை ஒன்பது, நண்பகல், மூன்று மணி என்று அளந்தால் போதும். ஒரு நாள் வேலைதான். பெரிய திட்டம் என்றால் ரேடியன்ஸ் போன்ற கட்டணமில்லாக் கணினி நிரலில் ஆண்டு முழுவதும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் இரண்டையும் செய்வேன். ஆனால் உரிமையாளருக்கு நம்பிக்கை வருவது அட்டைப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும்போதுதான்.

படி 3: கூரையின் மேல் ஒரு சிறு கூரை

செட்டிநாட்டுக்கு நான் பரிந்துரைக்கும் வடிவம் இது ஒன்றே. முகட்டின் நெடுக நடுக்கூரையை ஒன்றரை மீட்டர் உயர்த்திவிடுங்கள். அந்த உயர்ந்த பகுதியின் மேற்பரப்பு வெப்பத் தடுப்போடு கூடிய சாதாரணத் தகடாக இருக்கட்டும். அதன் இரண்டு பக்கமும் செங்குத்தாக எழும் சுவரில் கீழ்ப்பகுதி ஒளி கசியும் ஷீட், அதன் மேலே ஒன்றரைச் சாண் அகலத்துக்கு லூவர், அதாவது காற்று போகும் சாய்பட்டை அடுக்கு. மேலே இறவாரம் 60 முதல் 90 சென்டிமீட்டர் நீளட்டும்.

கட்டடத்தின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால், அந்தச் செங்குத்து ஷீட்டுகள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். உச்சி வெயிலை இறவாரம் தடுக்கும். வானத்தின் வெளிச்சமும் கீழ்க்கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் மட்டும் உள்ளே வரும். கீழ்க்கூரைத் தகடு வெள்ளையாக இருந்தால் அந்தத் திரும்பும் வெளிச்சம் இன்னும் கூடும். சூடான காற்று முகட்டுக்கு ஏறி, ஷீட்டைக் கடந்து, அதற்கும் மேலே உள்ள லூவர் வழியாக வெளியேறும். லூவரை ஷீட்டுக்குக் கீழே வைத்தால் அந்த அனல் ஷீட்டுக்குப் பின்னால் சிறைப்பட்டுவிடும். வளவை மூடிய நாளில் நான் செய்ததும் அதுவேதான்.

செங்குத்து ஷீட் தட்டையான ஷீட்டைவிடக் குறைவான வெளிச்சம் தரும். எனவே கூரையின் 5 சதவீதக் கணக்குக்கு இங்கே ஷீட்டின் பரப்பு கூடுதலாகத் தேவைப்படும். எவ்வளவு என்பதை அந்த அட்டைப் பெட்டி காட்டிவிடும்.

ஏற்கெனவே கட்டி முடித்த கிடங்காக இருந்து முகட்டை உயர்த்த முடியாவிட்டால், கூரைத் தகட்டின் வரிசைகளுக்கு நடுவே ஷீட் பதிக்கலாம். அப்போது இரண்டு விதிகள். ஒரு திறப்புக்கும் அடுத்த திறப்புக்கும் உள்ள இடைவெளி, கூடத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருக்கட்டும். 6 மீட்டர் உயரக் கூடத்தில் 9 மீட்டருக்கு மேல் போனால் தரையில் வெளிச்சமும் இருட்டும் பட்டை பட்டையாக விழும். இரண்டாவது, முகட்டில் காற்றுத் திறப்போ காற்றில் தானே சுழலும் டர்போ வென்டிலேட்டரோ இல்லாமல் ஒரு ஷீட்கூடப் பதிக்காதீர்கள்.

உட்சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வீடுகளில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்து, கண்ணாடிபோல் மின்ன வைத்த வெள்ளைச் சுவர் இருக்கிறதே, அதை அலங்காரம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வளவில் விழுந்த வெளிச்சத்தைப் பத்தி கடந்து அறைகள் வரை எடுத்துச் சென்றது அதுதான். இன்றைய கூடத்தின் டிரஸ்ஸும் கூரை அடிப்பரப்பும் சாம்பல் நிறத்தில் இருந்தால், நீங்கள் கஷ்டப்பட்டு உள்ளே விட்ட வெளிச்சத்தை அவையே விழுங்கிவிடும். வெள்ளை அடியுங்கள். இந்த முழு வழிகாட்டியிலும் மிக மலிவான வேலை இதுதான்.

படி 4: எந்த ஷீட்?

ஓட்டு வீட்டின் இருட்டறையில் நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்களே, அதன் வழியில் வந்தவைதான் இவை எல்லாமே. கடையில் கேட்டால் நான்கைந்து வகை காட்டுவார்கள்.

ஃபைபர் ஷீட் மலிவு. கூரைத் தகட்டின் நெளிவுக்கு ஏற்ற வடிவிலேயே கிடைப்பதால் பொருத்துவது எளிது. ஆனால் நம் வெயிலில் சில ஆண்டுகளிலேயே மஞ்சளாகி, மேற்பூச்சு தேய்ந்து நார் வெளியே வந்துவிடும். மஞ்சளான ஷீட் வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிறத்தையும் மாற்றும். உரக் கிடங்குக்கு அது பெரிய குறை இல்லை. ஆனால் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை நெய்யும் கூடத்தில் அரக்கும் மஞ்சளும் கலந்த கட்டத்தை மஞ்சள் வெளிச்சத்தில் எப்படிச் சரிபார்ப்பது? கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றிப் பூ போடும் ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கும் இதே கேள்வி. நிறம் பார்த்துச் செய்யும் தொழில் நடக்கும் எந்த இடத்துக்கும் ஃபைபர் ஷீட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பல அடுக்குப் பாலிகார்பனேட்தான் பெரும்பாலான கட்டடங்களுக்குப் பொருத்தம். இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே நீளக் குழல்கள் ஓடும், அந்தக் குழல்களில் உள்ள காற்றே வெப்பத் தடுப்பு. 10 மி.மீ. இரட்டை அடுக்கின் யூ-மதிப்பு, அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் கடக்கும் வெப்பம், சதுர மீட்டருக்கு 3 வாட் அளவில் இருக்கும், 16 மி.மீ. மூன்றடுக்கில் 2.4 வரை இறங்கும். எண் குறையக் குறைய வெப்பக் கடத்தல் குறையும். எடையும் குறைவு, 10 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு இரண்டு கிலோகூட வராது. லண்டனில் 2003-இல் திறந்த லாபான் நடன மையத்தின் வெளிப்போர்வை முழுவதும் வண்ணம் சேர்த்த பாலிகார்பனேட்தான். கிடங்குப் பொருள் என்று இதை ஒதுக்குகிறவர்களுக்கு நான் அந்தப் படத்தைக் காட்டுவதுண்டு.

நிறத்தில் பால்வெள்ளையை எடுங்கள். தெளிவான ஷீட் வெயிலை அப்படியே கீழே இறக்கித் தரையில் சூடான கட்டங்களை வரையும். பால்வெள்ளை அதைச் சிதறடித்துப் பரப்பும். ஆனால் நேர் வெயில் படும் பால்வெள்ளை ஷீட்டே ஒரு பெரிய விளக்காக மாறும் என்பதை மறக்கக் கூடாது. மேலே சொன்ன 60,000 லக்ஸில் 40 சதவீதம் விடும் ஷீட்டின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 7,600 கேண்டெலா அளவில் வரும். கணினித் திரை சில நூறுதான். அலுவலகத்திலோ பள்ளியிலோ கண் மட்டத்தில் இப்படி ஒரு சுவர் இருந்தால் தலைவலிதான் மிஞ்சும். தலைக்கு வெகு மேலே வையுங்கள், கண் மட்டத்தில் சாதாரணச் சன்னல் இருக்கட்டும். வெளியே மரம் அசைவது தெரிய வேண்டும் அல்லவா?

யூ வடிவக் கண்ணாடிப் பட்டைகள் அழகு, நீடித்த உழைப்பு, தீப்பற்றாதவை. எடையும் விலையும் அதிகம். ஏரோஜெல் நிரப்பிய ஷீட்டுகள் வெப்பத் தடுப்பில் மிகச் சிறந்தவை. சாமுவேல் கிஸ்லர் 1931-இல் கண்டறிந்த நுண்துளைகள் நிறைந்த, மிக லேசான அந்தப் பொருள், ஒளியை உள்ளே விட்டு வெப்பக் கடத்தலை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அது குளிர் நாட்டுக்குக் கொடுக்கும் லாபத்தை நமக்குக் கொடுக்காது. நம் தலைவலி வெயில் நேராக உள்ளே வருவது, வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் உள்ள வேறுபாடு இரண்டாவதுதான். பெய்ஜிங் நீச்சல் அரங்கில் பயன்பட்ட ஈ.டி.எஃப்.ஈ. என்ற பிளாஸ்டிக் படலக் காற்று மெத்தைகளுக்கு எந்நேரமும் காற்றடிக்கும் விசிறி வேண்டும். மின்வெட்டை நினைத்து நான் அந்தப் பக்கம் போவதில்லை.

வாங்கும் முன் விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: ஒளி விடும் சதவீதம், எஸ்.ஹெச்.ஜி.சி. என்ற வெப்ப ஏற்பு எண், யூ-மதிப்பு, புற ஊதாத் தடுப்பு அடுக்கு எந்தப் பக்கம், எத்தனை மைக்ரான், மஞ்சளாவதற்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம். ஒளி சதவீதத்தை வெப்ப சதவீதத்தால் வகுத்தால் 1-க்கு மேல் வரும் ஷீட்டைத் தேர்ந்தெடுங்கள். அந்த எண்களைத் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

படி 5: காற்றையும் நெருப்பையும் நினைத்துச் சட்டம் அமையுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் செய்த நாசத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூரைத் தகடுகள் காகிதம்போல் பறந்தன. காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, அடிப்படைக் காற்று வேகமாக மதுரைக்கு நொடிக்கு 39 மீட்டரும் திருச்சிக்கு 47 மீட்டரும் தருகிறது. செட்டிநாடு இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. உங்கள் இடத்துக்கு எந்த எண் என்று பொறியாளரிடம் கேட்டு வரைபடத்திலேயே எழுதி வாங்குங்கள். காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே உறிஞ்சி இழுக்கும், அதுவும் மூலைகளிலும் ஓரங்களிலும் மிகுதியாக. எனவே கூரை மூலைகளில் ஒளி ஷீட் வேண்டாம். பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இடைவெளியை ஷீட் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி வையுங்கள், தகட்டுக்கு வைத்த இடைவெளி ஷீட்டுக்குப் போதாமல் போகலாம்.

நெருப்புப் பட்டால் பாலிகார்பனேட் உருகி வழியும். மண்டபத்துச் சமையற்கட்டின் அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வாண வெடி விடும் முன்வாசல் பக்கமும் வேண்டாம்.

படி 6: பொருத்தும் நாள்

முதன்முதலில் நான் மேற்பார்வை பார்த்த ஓர் அரிசி ஆலையில், மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பொருத்துநர்கள் பதினாறு ஷீட்டுகளைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். புற ஊதாத் தடுப்பு அடுக்கு ஒரு பக்கம்தான் இருக்கும். அச்சிட்ட மேலுறைப் படலம்தான் அதற்கு அடையாளம், அதைப் படிக்காமலேயே கிழித்துவிட்டிருந்தார்கள். எந்த ஷீட் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படியே விட்டோம், மூன்றே ஆண்டுகளில் அவை பழுத்துப் போயின. அன்றிலிருந்து, படலத்தின் ஓரத்தை மட்டும் மடக்கி, அச்சுப் பக்கம் வானத்தைப் பார்க்க வைத்துப் பொருத்தி, மாலைக்குள் படலம் முழுவதையும் உரிக்கச் சொல்கிறேன். உரிக்காமல் வெயிலில் விட்டால் அது ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு பிறகு வராது.

குழல்கள் எப்போதும் சரிவின் வாக்கில் ஓட வேண்டும். உள்ளே படியும் ஈரம் கீழே வடிய அதுதான் வழி. சரிவு குறைந்தது 5 டிகிரி, அதாவது மீட்டருக்கு 9 சென்டிமீட்டர். குழலின் மேல்வாயை அலுமினிய நாடாவால் முழுக்க அடைக்க வேண்டும். கீழ்வாய்க்குக் காற்று விடும் துளை நாடா, அதன்மேல் யூ வடிவ ஓரப்பட்டை. இரண்டையும் அலுமினிய நாடாவால் அடைத்துவிட்டால் ஒரே மழைக்காலத்தில் உள்ளே பாசி பிடித்துப் பச்சைக் கோடுகள் தெரியும்.

பாலிகார்பனேட் வெயிலில் நீளும். மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.065 மி.மீ. என்பது சிறிய எண்தான். ஆனால் 6 மீட்டர் ஷீட், விடியற்காலைக்கும் உச்சிக்கும் நடுவில் 50 டிகிரி சூடேறினால் 19 மி.மீ.க்கு மேல் நீள்கிறது. ஒரு விரல் அகலம்! அதற்கு இடம் விடாமல் இறுக்கினால் ஷீட் உப்பும், திருகைச் சுற்றி வெடிக்கும், சாயங்காலம் குளிரும்போது கூடம் முழுவதும் படபடவென்று சத்தம் கேட்கும். திருகு போகும் துளை திருகைவிடப் பெரிதாக இருக்கட்டும், அகன்ற வாஷர் போடுங்கள், ஷீட் அசையும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வாஷருக்கும் கேஸ்கெட்டுக்கும் ஈ.பி.டி.எம். ரப்பர்தான் வேண்டும். பி.வி.சி. கேஸ்கெட்டிலிருந்து கசியும் பொருள் பாலிகார்பனேட்டை வெடிக்க வைக்கும். சிலிக்கோனிலும் அமில வாடை இல்லாத நடுநிலை வகையையே கேளுங்கள். ஷீட் படும் பர்லினின் மேற்புறத்துக்கு வெள்ளை அடியுங்கள், கறுப்புப் பர்லின் ஷீட்டை அந்த இடத்தில் மட்டும் சுட வைக்கும். வளைத்துப் பொருத்துவதானால் 10 மி.மீ. ஷீட்டின் வளைவு ஆரம் 1.75 மீட்டருக்குக் குறையக் கூடாது.

நம் ஊருக்கே உரிய எச்சரிக்கை ஒன்று: சுண்ணாம்பு. காரத்தன்மை பாலிகார்பனேட்டை அரிக்கும். சுவருக்கு வெள்ளையடிப்பதையும் சிமென்ட் பூச்சையும் முடித்துவிட்டுப் பிறகு ஷீட்டை ஏற்றுங்கள். தெறித்துவிட்டால் காய விடாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

படி 7: விளக்குக் கம்பியைப் பிரியுங்கள்

ஷீட் எல்லாம் போட்டு முடித்தும் மின்கட்டணம் குறையவில்லை என்று சொல்கிறவர்களின் கட்டடத்துக்குப் போய்ப் பார்த்தால், ஒரே சுவிட்சில் முப்பது விளக்குகள் இருக்கும். வாசல் ஓரம் இருட்டாக இருக்கிறதே என்று அந்தச் சுவிட்சைத் தட்டினால் முகட்டுக்கு நேர் கீழே உள்ளவையும் எரியும். முகட்டுக்கு இணையாக வரிசை வரிசையாக விளக்குகளைப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் தனிச் சுற்று கொடுங்கள். நடு வரிசைக்கு ஒளி உணரி வைத்தால் மேகம் மூடும்போது தானே எரியும், வெயில் வந்ததும் தானே அணையும். மின்பணியாளர் குழாய் பதிக்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

படி 8: தையில் ஒரு கழுவல், சித்திரைக்கு முன் ஒரு கழுவல்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு செம்மண் புழுதி கூரையில் ஏறத் தொடங்கும். அடுத்த மழைவரை அது போகாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவே, வேலைக்கூடத்துக்கு வெளிச்சம் தரும் சன்னல் கண்ணாடிகளையும் கூரைத் திறப்புகளையும் உள்ளும் புறமும் சுத்தமாக வைத்திருக்கச் சொன்னது. வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பஞ்சு, இவை போதும். தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், சோடா எதுவும் ஆகாது. உலர்ந்த துணியால் புழுதியைத் தேய்த்தால் கீறல் விழும், முதலில் தண்ணீரை அடித்து இறக்குங்கள். சமையற்கட்டுப் பக்கத்து ஷீட்டின் உட்புறம் எண்ணெய்ப் பிசுக்கு படியும், அதையும் சேர்த்துக் கழுவ வேண்டும்.

கூரையில் ஏறுகிறவரைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. பழைய ஃபைபர் ஷீட்டின் மேல் புழுதி படிந்தால் தகட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கால் வைத்தவர் நேராகத் தரையில் விழுவார். ஒவ்வொரு ஒளி ஷீட்டின் அடியிலும் கம்பி வலை கட்டுங்கள். சுற்றிலும் சிவப்புக் கோடு போடுங்கள். இரண்டு பர்லின்களைத் தொடும் நீளப் பலகையும் இடுப்புக் கயிறும் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். முகட்டை உயர்த்திச் செங்குத்தாக வைக்கும் வடிவத்தை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம், அங்கே ஷீட்டின் மேல் யாரும் நடக்க முடியாது. குன்றக்குடிப் பக்கம் கூரையில் வந்து இறங்கும் மயில்களும் அதைக் கீற மாட்டா.

வாங்கும்போதே அதே தொகுதியில் நான்கு ஷீட்டுகளைக் கூடுதலாக எடுத்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து ஒன்றை மாற்ற நேர்ந்தால் அதே பால்வெள்ளை கடையில் கிடைக்காமல் போகலாம். படலம் உரிக்காமல், வெயில் படாத அறையில், சமமான தரையில் படுக்கப்போட்டு, குழல் வாய்களை நாடாவால் அடைத்து வையுங்கள். இல்லாவிட்டால் எறும்பு குடியேறிவிடும்.